கேள்வி – பதில்: பொதுக் கட்டட மட்டுப்பாவில் (மொட்டைமாடியில்) சோலார்

நகராட்சி அலுவலகம், பேருந்து நிலையம், பள்ளி, சுகாதார நிலையம் போன்ற பொதுக் கட்டடங்களில் சோலார் அமைப்பது பற்றி குமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில. ஒரே பொருளுள்ளவற்றைச் சேர்த்திருக்கிறோம்.

*எங்கள் ஊர் நகராட்சிக் கட்டடத்தின் மட்டுப்பா 3,000 சதுர அடி. கிலோவாட்டுக்கு 100 சதுர அடி போதும் என்கிறார்கள். 30 கிலோவாட் போட்டுவிடலாம்தானே?*
– வாசகர், குழித்துறை

100 சதுர அடி என்பது சரியான கணக்குதான். அதில் பாதி பேனலுக்கு. மீதி நடைபாதைக்கும் நிழல் படும் இடத்தை விடுவதற்கும் போய்விடும். ஆனால் எத்தனை கிலோவாட் ஏற்றலாம் என்பதை மட்டுமே அது சொல்லும். எத்தனை ஏற்ற வேண்டும் என்று தெரிய மின்கட்டண ரசீதைப் பார்க்க வேண்டும்.

ஓராண்டு ரசீதுகளை எடுத்து ஒரு நாள் சராசரி போடுங்கள். பிறகு ஒரு வாரத்துக்கு, ஞாயிறையும் சேர்த்து, காலை 9 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மீட்டரைக் குறித்து வையுங்கள். நாளுக்கு 80 யூனிட் செலவில் பகலில் மட்டும் 60 ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு கிலோவாட் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 4 யூனிட் தரும் என்பது தமிழ்நாட்டில் வழக்கமான கணக்கு. இரண்டு பருவமழையும் பிடிக்கிற விளவங்கோடு, கல்குளம் பக்கம் 3.5 என்று வைத்துக்கொள்வதே நல்லது. 15 கிலோவாட் போட்டால் 50 முதல் 60 யூனிட் வரும். பெரும்பாலும் அந்தக் கட்டடத்திலேயே தீர்ந்துவிடும். 30 போட்டால் பாதி வெளியே போகும்.

வெளியே போவதில் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். வீட்டு இணைப்பில் நெட் மீட்டரிங் உண்டு. கொடுத்ததும் எடுத்ததும் யூனிட்டுக்கு யூனிட் கழியும். தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2021-ல் கொண்டுவந்த முறையில் மற்ற இணைப்புகளுக்கு நெட் ஃபீட்-இன் தான். நீங்கள் வாங்கும் யூனிட்டுக்கு ஒரு விலை, கொடுக்கும் யூனிட்டுக்கு அதைவிடக் குறைந்த விலை. வாங்குவது 8 ரூபாய், கொடுப்பது 3 ரூபாய், அமைப்புச் செலவு கிலோவாட்டுக்கு 55,000 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்துப் பார்த்தால், 15 கிலோவாட் போட்ட பணம் சுமார் ஐந்து ஆண்டில் திரும்பும். 30 என்றால் ஏழரை ஆண்டு ஆகும். இதில் நெட்வொர்க் கட்டணம், அதாவது மின்வாரிய லைனைப் பயன்படுத்துவதற்கான கட்டணம், சேர்க்கப்படவில்லை. உங்கள் இணைப்பு வகைக்கு அது உண்டா, எவ்வளவு என்பதை விண்ணப்பிக்கும் நாளில் நடப்பிலுள்ள ஆணையை வைத்து மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்கு மேல் சோலார் போட முடியாது என்பதும் நினைவில் இருக்கட்டும். பளு 12 கிலோவாட் என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. முதலில் பளுவை உயர்த்த வேண்டும்.

பள்ளிகளுக்கு இன்னும் கவனம் தேவை. வெயில் உச்சத்தில் இருக்கும் ஏப்ரல் கடைசியிலும் மே மாதத்திலும் வகுப்பே கிடையாது. பள்ளிக்கூடக் கூரை பெரிது என்று அதை முதலில் தேர்ந்தெடுப்பது பல உள்ளாட்சிகள் செய்கிற காரியம். வாரம் ஏழு நாளும் ஓடுகிற சுகாதார நிலையத்தையும் நீரேற்று நிலையத்தையும் முதலில் பாருங்கள்.

*மாநகராட்சியின் கரண்ட் செலவு ஆபீஸ் ஃபேனிலா இருக்கிறது? தெருவிளக்கிலும் குடிநீர் மோட்டாரிலும்தானே? ஆபீஸ் கூரையில் பேனல் வைத்தால் அது குறையுமா?*
– வாசகர், நாகர்கோவில்

குறையாது. அவை வேறு வேறு மின் இணைப்பு எண்கள். தெருவிளக்கும் குடிநீரும் தாழ்வழுத்தத்தில் இரண்டு-ஏ என்ற தனிக் கட்டண வகையில் வருகின்றன. தெருவிளக்கு எரிவது ராத்திரியில்; அதற்கு எல்.இ.டி.யும் ஒழுங்காக வேலை செய்யும் டைமரும்தான் மருந்து. காலை எட்டு மணிக்கும் எரிகிற விளக்குக்குச் சோலார் போட்டுப் பயனில்லை.

நீரேற்றும் மோட்டார் அப்படியில்லை. சம்ப்பும் மேல்நிலைத் தொட்டியும் போதிய கொள்ளளவு இருந்தால், ஓட்டும் நேரத்தைக் காலை 9 முதல் 3 வரை மாற்றிக்கொள்ளலாம். 25 குதிரைத்திறன் மோட்டார் முழுப் பளுவில் சுமார் 21 கிலோவாட் இழுக்கும். ஆறு மணி நேரம் ஓடினால் 126 யூனிட். 30 கிலோவாட் பேனல் தெளிந்த நாளில் இதில் பெரும்பகுதியைத் தாங்கும். மேகம் மூடும்போது குறைவதை மின்வாரிய லைன் நிரப்பிக்கொள்ளும், மோட்டார் நிற்காது.

அதற்கு முன்னால் பம்பைச் சோதியுங்கள். ஒரு யூனிட்டுக்கு எத்தனை ஆயிரம் லிட்டர் ஏறுகிறது என்று அளந்து, அதை மொத்த ஏற்ற உயரத்தால், அதாவது குழாய் உராய்வு இழப்பையும் சேர்த்த மீட்டரால், பெருக்கி 367-ஆல் வகுத்தால் பம்ப், மோட்டார் இரண்டும் சேர்ந்த திறன் வரும். 40 மீட்டர் உயரத்துக்கு யூனிட்டுக்கு 5,000 லிட்டர் ஏறினால் 54 சதவீதம், நல்ல நிலை. 3,000 லிட்டர்தான் ஏறுகிறது என்றால் 33 சதவீதம். இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) தேய்ந்திருக்கும், அல்லது வேறு உயரத்துக்கு வாங்கிய பம்பை இங்கே மாட்டியிருப்பார்கள். அந்த நிலையில் பம்பை மாற்றுவது பேனலை விட மலிவு. மாற்றிய பிறகு தேவைப்படும் பேனலின் எண்ணிக்கையும் குறையும்.

*திருவிதாங்கூர் காலத்து ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம் இயங்குகிறது. ஓட்டின் மேலே பேனல் வைக்கலாமா?*
– வாசகர், தக்கலை

வேண்டாம். பேனலும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 முதல் 20 கிலோதான். உத்தரமும் கழுக்கோலும் புதிதாக இருந்தால் எடையைத் தாங்கிவிடும். சிக்கல் எடையில் இல்லை, காற்று மேலே இழுப்பதிலும், கொக்கி மாட்ட ஓடுகளை நகர்த்திய இடத்தில் மழை இறங்குவதிலும்தான். இறங்கிய ஈரத்தைக் கரையான் தேடி வரும். வளாகத்திலேயே வாகன நிறுத்தக் கொட்டகை, புதிய தார்சுக் கட்டடம், நிலத்தில் வெறும் இடம் ஏதாவது இருக்கும், அங்கே வையுங்கள்.

பேருந்து நிலைய நடைமேடைக் கூரை பற்றியும் ஒருவர் கேட்டிருந்தார். தகரக் கூரை பெரிய பரப்பு, பகல் பளுவும் உண்டு, நல்ல தேர்வு. தகட்டின் தடிமன் 0.5 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். பேனலைத் தாங்கும் சட்டத்தைத் தகட்டில் மட்டும் திருகிவிடாமல், அடியிலுள்ள இரும்புப் பர்லினில் (தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) பிடிக்க வேண்டும். திருகுகள் தகட்டின் மேட்டில் இறங்கட்டும், பள்ளத்தில் இறங்கினால் ஒழுகும்.

*ஆரல்வாய்மொழிக் கணவாயில் அடிக்கும் ஆடிக் காற்று உங்களுக்குத் தெரியும். மட்டுப்பாவில் கான்கிரீட் கட்டை வைத்து அதில் நிறுத்தினால் போதும் என்கிறார் ஒப்பந்தக்காரர். நம்பலாமா? கடற்கரைப் பக்கம் துருவுக்கு என்ன செய்வது?*
– வாசகர்கள், தோவாளை மற்றும் குளச்சல்

கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டட வடிவமைப்பில் நம் பகுதிக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 39 மீட்டர். மணிக்கு 140 கிலோமீட்டர். அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 912 நியூட்டன், ஏறத்தாழ 93 கிலோ விசை. 550 வாட் பேனல் ஒன்றின் பரப்பு 2.58 சதுர மீட்டர். ஆக ஒரு பேனலை 240 கிலோ இழுக்கிறது. கூரை ஓரத்திலும் மூலையிலும் இன்னும் கூடும். ஒரே சட்டத்தில் நான்கு பேனல் மாட்டிய ஒரு தொகுதியை, அதாவது ஒரு மேசையை, 960 கிலோ தூக்கப் பார்க்கும். ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடிக் கான்கிரீட் கட்டை 68 கிலோ. நான்கு கால், நான்கு கட்டை: 272. பேனல் 112, சட்டம் ஒரு 60. மொத்தம் 444. மீதியை யார் பிடிப்பது? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது இந்த மாவட்டத்தில் மின்கம்பங்களே சாய்ந்தன.

கட்டையைத் தளத்தோடு கட்ட வேண்டும். அந்த இடத்தில் மட்டும் தட்டோட்டையும் அதன் அடிக் கலவையையும் வெட்டி எடுத்து, கான்கிரீட் முகத்தைக் கொத்தி, கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் கம்பியை ஒட்டிப் பிடிக்கும் பசை) வைத்துக் கம்பி நட்டு, அதன் மேல் கட்டை வார்க்க வேண்டும். தளம் 4 முதல் 5 அங்குலம்தான் இருக்கும். துளை 3 அங்குலத்தைத் தாண்டக் கூடாது. முடிந்த மட்டும் கால்கள் பீமின் மேல் வரட்டும். கட்டையைச் சுற்றி நீர்க்காப்புப் பூச்சு பூசி, இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பார்த்த பிறகு பேனலை ஏற்றச் சொல்லுங்கள். தட்டோட்டின் மேலேயே கட்டையை ஒட்டிவிட்டுப் போவதுதான் சாதாரணமாக நடக்கிறது. அப்படிச் செய்தால் காற்றுக்கும் பிடிப்பில்லை, இரண்டு மழைக்குப் பின் ஒழுகலும் வரும். கைப்பிடிச் சுவரிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். எட்டடி உயரத்தில் நிறுத்தி அடியில் புழங்கலாம் என்ற ஆசை கணவாய்ப் பகுதிக்குப் பொருந்தாது.

துருவுக்கு: சட்டம் சூட்டில் நாகம் (துத்தநாகம்) முக்கியதாக, 80 மைக்ரான் பூச்சோடு இருக்க வேண்டும். துளையும் வெட்டும் தொழிற்சாலையிலேயே முடிந்து, பிறகுதான் நாகப் பூச்சு. மட்டுப்பாவில் வைத்து வெல்டிங் அடித்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்துபோய், உப்புக்காற்றில் துரு அங்கேதான் தொடங்கும். தவிர்க்கவே முடியாத வெட்டுமுனைக்கு நாகம் மிகுந்த பெயின்ட் இரண்டு கோட். நட்டு போல்ட் 304 ரகம் அல்லாமல் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். பேனலுக்கு ஐ.இ.சி. 61701 உப்புப்பனிச் சோதனைச் சான்று கேளுங்கள். விலை கொஞ்சம் கூடத்தான் செய்யும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற இடங்களில் அதில் பேரம் பேச வேண்டாம்.

*எத்தனை டிகிரி சாய்க்க வேண்டும்? எந்தத் திசை?*
– வாசகர், அகஸ்தீஸ்வரம்

நாம் இருப்பது 8 டிகிரி அட்சரேகையில். தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு போதும். அதற்கும் குறைத்தால் மழைநீர் கீழ்ச்சட்டத்தோரம் தேங்கிப் பாசி பிடிக்கும். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போகிறது என்பதால், வடக்குச் சரிவுத் தகரக் கூரையிலும் பேனல் வைக்கலாம். குறைந்த சரிவென்றால் இழப்பு பத்து சதவீதத்துக்குள்தான். சென்னைப் பக்கத்து டிராயிங்கை அப்படியே கொண்டுவந்து 13 டிகிரி சாய்த்தாலும் பெரிதாகக் கெட்டுப்போகாது, காற்றுக்குத்தான் கூடுதல் முகம் காட்டும்.

திசையை விடத் தென்னை முக்கியம். மட்டுப்பாவுக்கு மேல் 10 அடி நிற்கும் மரம் டிசம்பர் காலை ஒன்பது மணி வாக்கில் 14 அடி நிழல் விழுத்தும். ஒரே ஒரு ஓலையின் நிழல், தொடராக இணைத்த பேனல் வரிசை முழுவதின் உற்பத்தியையும் இறக்கிவிடலாம். கூரையிலுள்ள தண்ணீர்த் தொட்டிக்கு வடக்கே, தொட்டி உயரத்தில் முக்கால் பங்கு தூரம் விட்டு முதல் பேனலை வையுங்கள். கிழக்கிலும் மேற்கிலும் அதைவிடக் கூடுதலாக.

*சோலார் வைத்த பிறகும் கரண்ட் போனால் ஆரம்ப சுகாதார நிலையம் இருட்டாகிறது. பேனலில் வெயில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. ஏமாற்றுகிறார்களா?*
– மேற்கு மாவட்ட வாசகர்

ஏமாற்று இல்லை, பாதுகாப்பு. பேனலின் டி.சி. மின்சாரத்தை ஏ.சி.யாக மாற்றுவது இன்வெர்ட்டர். லைனோடு இணைந்த இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்ற உடனே தானும் நின்றுவிட வேண்டும் என்பது விதி. நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரின் கையில் உங்கள் கூரை மின்சாரம் பாயும்.

தடுப்பூசிக் குளிர்பெட்டியும் பிரசவ அறை விளக்கும் நிற்கக் கூடாது என்றால் லைனோடும் பேட்டரியோடும் ஓடக்கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். கட்டடம் முழுவதையும் அதில் போட வேண்டாம். அவசரப் பளுவை மட்டும் தனி டி.பி.யில் (மின் விநியோகப் பெட்டியில்) பிரியுங்கள். அது 800 வாட், நான்கு மணி நேரம் என்றால் 3.2 யூனிட், இழப்பையும் தேய்மானத்தையும் சேர்த்து 5 யூனிட் கொள்ளளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி சரியாக இருக்கும். பெட்டியின் கம்ப்ரசர் கிளம்பும்போது இழுக்கும் மின்னோட்டத்தை இன்வெர்ட்டர் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். அலுவலகத்துக்கு இவ்வளவு செலவு தேவையில்லை.

*மழைக்காலக் காலையில் இன்வெர்ட்டர் சிவப்பு விளக்கு காட்டிக்கொண்டு பத்துப் பதினொரு மணிக்குத்தான் கிளம்புகிறது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் தானாக நின்று நின்று ஓடுகிறது. இரண்டும் ஒரே கோளாறா?*
– வாசகர், மார்த்தாண்டம்

இரண்டும் வேறு வேறு.

முதலாவது இன்சுலேஷன் குறைவு. இரவு மழையில் ஏதோ ஒரு கனெக்டருக்குள் ஈரம் புகுந்து, நேர்மின் கம்பியிலிருந்து சட்டத்துக்குக் கசிகிறது. வெயில் ஏறிக் காய்ந்ததும் சரியாகிறது. இன்வெர்ட்டரை மாற்றச் சொல்லுவார்கள், மாற்றாதீர்கள். அது தன் வேலையைத்தான் செய்கிறது. டி.சி. ஐசொலேட்டரை (பேனல் பக்க மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்து, வரிசைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஈரமாக இருக்கும்போதே மெகர் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்க வேண்டும். வெயிலில் காய்ந்த பிறகு சோதித்தால் எல்லாம் சரி என்றுதான் வரும். கைப்பிளையரால் நெரித்த எம்.சி.4 கனெக்டர் (பேனல் கேபிள்களை இணைப்பது), இரண்டு கம்பெனியின் ஆண் முனையையும் பெண் முனையையும் சேர்த்து மாட்டியது, தளத்தில் தண்ணீருக்குள் கிடக்கும் கேபிள், இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் இருக்கும். கேபிளைச் சட்டத்தோடு வெயில் தாங்கும் டை வைத்துக் கட்டி உயர்த்துங்கள். வெள்ளை நைலான் டை ஒரு கோடைக்குள் பொடிந்துவிடும். 18 பேனல் கொண்ட வரிசையில் 900 வோல்ட் வரை இருக்கும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன் தவிர யாரும் கை வைக்கக் கூடாது.

இரண்டாவது வோல்டேஜ் ஏற்றம். ஞாயிறன்று பளு இல்லை. உற்பத்தி முழுவதும் லைனுக்குப் போகிறது. இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை 100 மீட்டர் தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் போட்டிருந்தால், 20 கிலோவாட்டுக்கு ஒரு ஃபேஸில் 29 ஆம்பியர் ஓடி, ஐந்தரை வோல்ட் அங்கேயே ஏறுகிறது. லைன் வோல்டேஜ் ஏற்கெனவே உயர்ந்திருந்தால் இன்வெர்ட்டர் தன் வரம்பை எட்டி நிற்கும். 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டால் ஏற்றம் பாதிக்கும் கீழே வரும். இன்வெர்ட்டரையே மீட்டர் அறைக்கு அருகில் மாற்றுவது இன்னும் நல்லது. அப்படியும் நின்றால் டிரான்ஸ்பார்மர் டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) இறக்கச் சொல்லி மின்வாரியத்துக்கு எழுதுங்கள். கூடவே மூன்று நாள் வோல்டேஜ் பதிவை இன்வெர்ட்டரிலிருந்து எடுத்து இணையுங்கள். பதிவில்லாத புகார் நகராது.

*சோலார் போட்டபின் யூனிட் குறைந்தது, ஆனால் மின் காரணி அபராதம் புதிதாக வந்திருக்கிறது. ஏன்?*
– நீரேற்று நிலையம் ஒன்றின் பராமரிப்பில் உள்ள வாசகர்

இழுக்கும் மொத்தத் திறனில் உண்மையாக வேலை செய்யும் பங்குதான் மின் காரணி. உங்கள் பளு 40 கிலோவாட், மின் காரணி 0.9 என்றால் மோட்டார்கள் 19.4 கிலோவார் எதிர்வினைத் திறனையும் (காந்தப்புலத்துக்காகப் போய்வரும், வேலை செய்யாத திறன்) இழுக்கின்றன. சோலார் 25 கிலோவாட் கொடுக்கும்போது மீட்டர் வழியே வருவது 15 கிலோவாட்தான். கிலோவார் மட்டும் அதே 19.4. மீட்டர் இப்போது காணும் மின் காரணி 0.61. எதிர்வினைத் திறனை ஈடுகட்டும் பழைய கெப்பாசிட்டர் பாதி செத்திருந்தால் இன்னும் மோசம். தானியங்கிக் கெப்பாசிட்டர் பேனல் வையுங்கள், அல்லது இன்வெர்ட்டரை எதிர்வினைத் திறனும் கொடுக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான மூன்று ஃபேஸ் இன்வெர்ட்டர்களில் அந்த வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

*பி.எம். சூர்ய கர் மானியம் பேரூராட்சி அலுவலகத்துக்குக் கிடைக்குமா? கம்பெனியே சொந்தச் செலவில் போட்டு யூனிட்டுக்குப் பணம் வாங்கும் முறை நல்லதா? டெண்டரில் என்ன எழுத வேண்டும்?*
– வாசகர், கொல்லங்கோடு

2024 பிப்ரவரியில் வந்த அந்தத் திட்டத்தின் மானியம் வீடுகளுக்கு. 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் என்பது அதுதான். உள்ளாட்சிக்கு அதில் உள்ள பங்கு, தன் எல்லையில் அமையும் வீட்டுக் கூரை ஒவ்வொன்றுக்கும் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. மாவட்டத்துக்கு ஒரு மாதிரிச் சோலார் கிராமத்துக்கு ஒரு கோடி ரூபாய் என்ற பகுதியும் உண்டு.

கம்பெனி போடும் முறையில் கைக்காசு தேவையில்லை. நிதி இல்லாத பேரூராட்சிக்கு அதுவே வழி. ஒப்பந்தம் 25 ஆண்டு போகலாம் என்பதால் மூன்றை மட்டும் கவனியுங்கள்: யூனிட் விலை ஆண்டுதோறும் ஏறுகிறதா; ஞாயிறு, விடுமுறையில் பயன்படுத்தாத யூனிட்டுக்கும் பணம் உண்டா; கட்டடத்தை இடிக்கவோ தளத்தைச் சீரமைக்கவோ நேர்ந்தால் கழற்றி மாட்டும் செலவு யாருடையது.

சொந்தமாக வாங்கினால் 1998-ம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டப்படி டெண்டர். பேனல் மத்திய அரசின் அங்கீகரிக்கப்பட்ட மாடல் பட்டியலில் இருக்க வேண்டும். ஒவ்வொன்றின் வரிசை எண்ணோடும் சோதனை அறிக்கை வேண்டும். எர்த் குழி மூன்று: டி.சி.க்கு ஒன்று, ஏ.சி.க்கு ஒன்று, இடிதாங்கிக்குத் தனியாக ஒன்று. அளவு 5 ஓமுக்குக் கீழே, கோடையில் அளந்தது. மழை பெய்த மறுநாள் அளந்தால் எந்தக் குழியும் தேறிவிடும். திடீர் வோல்டேஜ் பாய்ச்சலைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பான் டி.சி., ஏ.சி. இரண்டு பக்கமும். இன்வெர்ட்டரின் ஒரு வரிசைக்கான மின்னோட்ட வரம்பைப் பாருங்கள். 550 வாட் பேனல் 13 ஆம்பியருக்கு மேல் தருகிறது, 12.5 ஆம்பியர் வரம்புள்ள பழைய மாடலை விலை குறைத்துத் தள்ளிவிடுவார்கள். ஐந்தாண்டுப் பராமரிப்பும், ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்ற உறுதியும் எழுதுங்கள். குறைந்த யூனிட்டுக்கு நிறுத்திவைத்த தொகையில் கழிவு உண்டு என்றும் சேர்த்துவிட்டால், பழுது என்று ஃபோன் செய்தவுடன் ஆள் வருவார்.

*பேனலை எப்படி, எப்போது கழுவ வேண்டும்?*
– வாசகர், இரணியல்

காலை ஏழு மணிக்கு முன், அல்லது மாலை வெயில் இறங்கிய பின். நண்பகலில் கொதிக்கும் கண்ணாடியில் தண்ணீர் அடித்தால் விரிசல் விடலாம். கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, மழை மாதங்களில் பறவை எச்சம் தெரிந்தால் மட்டும். எச்சம் ஒரே இடத்தில் ஒட்டியிருந்தால் அந்தச் செல் சூடேறிக் கருகும். மென்மையான பிரஷ், நீண்ட கம்பு. சோப்புத்தூள் வேண்டாம், மேலே ஏறி நிற்கவும் வேண்டாம். கடலோரப் போர் தண்ணீர் உப்பு. அது காய்ந்து வெள்ளைப் படலமாகும், ஆகவே குழாய்த் தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ பயன்படுத்துங்கள். மட்டுப்பாவில் ஒரு குழாயும் வால்வும் வேண்டும் என்பதை எஸ்டிமேட்டிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு கேட்டால் தனிக் கோப்பு திறக்க வேண்டியிருக்கும்.